வாஷர் மாற்றியும் குழாய் சொட்டுகிறதா?

எங்கள் வீட்டுக்கு வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பு. கொல்லைப்புறக் குழாய் சொட்டத் தொடங்கியதும் புது வாஷர் போட்டேன். சில நாள்களில் மீண்டும் சொட்டியது. கோளாறு வாஷரில் இல்லை, அது உட்காரும் விளிம்பில் இருந்தது. பல விளக்கங்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போகின்றன; அதனால்தான் எழுதுகிறேன்.

வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. நாலு லிட்டருக்குக் குறையாது. கோடையில் அதை வீணாகப் போக விடுவதற்கு மனம் வரவில்லை.

இங்கே நான் சொல்வது பல சுற்றுத் திருகித் திறக்கும் அரை அங்குலப் பித்தளைக் குழாய்க்கு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். வாய் வழியாகச் சொட்டினால் வாஷரோ விளிம்போ கெட்டிருக்கிறது. சுவரோரம் கசிந்தால் மரையில் சுற்றிய டேப் போய்விட்டது. திறந்திருக்கும்போது கைப்பிடித் தண்டைச் சுற்றிக் கசிந்தால், தண்டைப் பிடித்திருக்கும் சிறு நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

மேல்தொட்டியின் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து, உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரை வடிய விடுங்கள். வால்வு இறுகிப்போயிருந்தால் முரட்டுத்தனமாகத் திருக வேண்டாம். அது உடைந்தால் தொட்டித் தண்ணீர் முழுவதும் போய்விடும்.

கருவியில் என் தேர்வு, வாய் சொரசொரப்பில்லாத அட்ஜஸ்டபிள் ஸ்பேனர். பைப் ரெஞ்ச் எனக்குப் பிடிக்காது. அதன் பற்கள் பளபளப்பான பூச்சைக் கடித்துக் குதறிவிடும்.

கைப்பிடித் திருகைக் கழற்றிக் கைப்பிடியை எடுங்கள். குழாய் பாதி திறந்த நிலையில் இருக்கட்டும். அப்போதுதான் வாஷர் விளிம்பை அழுத்தாமல் மேல்பாகம் எளிதாகக் கழலும். இன்னொரு ஸ்பேனரால் குழாயின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, மேல்பாகத்தை இடப்புறமாகத் திருப்புங்கள். உடலைப் பிடிக்காமல் திருகினால் குழாயே சுவருக்குள் சுழலும். உள்ளே பிளாஸ்டிக் பைப் இருந்தால் எல்போ (பைப் வளையும் இடத்தில் உள்ள இணைப்பு) விரிசல் விடும், பிறகு டைல்ஸை உடைக்க வேண்டியதுதான்.

மேல்பாகத்தின் அடியில் காளான் போன்ற சிறு துண்டு இருக்கும். வாஷர் அதில்தான் மாட்டியிருக்கும். பழைய வாஷரைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அளவை வாயால் சொல்லி வாங்காதீர்கள்.

இப்போது விளிம்புக்கு வருவோம். கைப்பேசி வெளிச்சத்தைக் குழாய்க்குள் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளை தெரியும்; அதைச் சுற்றியுள்ள வளையம்தான் விளிம்பு. சுண்டுவிரலை விட்டுத் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. எங்கள் குழாயில் உப்பு பொருக்காகக் கட்டியிருந்தது. அதன்மேல் எந்த வாஷரும் படிந்து உட்காராது. வினிகரில் நனைத்த துணியை உள்ளே திணித்து அரை மணி நேரம் விட்டு, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். முழுவதும் போகும்வரை திரும்பச் செய்யுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டக் கூடாது. பித்தளையில் கீறல் விழும். கழிப்பறை ஆசிட் வேண்டவே வேண்டாம். அது உலோகத்தையே அரிக்கும். பொருக்கு போன பிறகும் விரலில் பள்ளம் தட்டுப்பட்டால் பித்தளை தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தக் குழாயை மாற்றிவிடுவதே நல்லது.

மூடுவதற்கு முன் வால்வை ஒரு நொடி மட்டும் லேசாகத் திறந்து தூளை வெளியேற்றுங்கள். வாளியைப் பிடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் மேல்நோக்கிப் பீறிடும். பிறகு மேல்பாகத்தைப் பாதி திறந்த நிலையிலேயே பொருத்தி இறுக்குங்கள். அந்த மரைக்கு டேப் தேவையில்லை.

குழாயையே மாற்றுகிறவர்களுக்கு: சுவருக்குள் போகும் மரையை உங்களை நோக்கிப் பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் டெஃப்லான் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப் என்றால் பத்துச் சுற்றுக்குக் குறைக்காதீர்கள். சணல் சுற்றுவது இரும்புக் குழாய்க்குச் சரி. பிளாஸ்டிக் மரையில் அது ஊறிப் பருத்துப் பொருத்தியைப் பிளந்துவிடும்.

பின்சேர்க்கை: கால் சுற்றில் திறக்கும் குழாயில் வாஷரைக் காணவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதற்குள் ஒன்றன்மேல் ஒன்று உரசும் இரண்டு பீங்கான் தகடுகள் இருக்கின்றன. மணல் சிக்கிக் கீறிவிட்டால் உள்பாகத்தை முழுதாக மாற்ற வேண்டும். கடையில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மூன்றைப் பாருங்கள்: உயரம், கைப்பிடி மாட்டும் பற்களின் எண்ணிக்கை, திறக்கும் திசை. திசை மாறியதை வாங்கிவிட்டால் கைப்பிடி தலைகீழாக வேலை செய்யும்.

இன்னொருவருக்கு வாஷர் புதிது, விளிம்பும் சுத்தம், இருந்தும் சொட்டியது. புது வாஷர் கல் போல் கடினமாக இருந்ததாம். நகத்தால் அழுத்தினால் சற்று அமுங்கும் ரப்பராகப் பார்த்து வாங்குங்கள்.