நெறியாளரும் நானும் தனித்தனியே நிரப்பிய தாள்

முனைவர் பட்ட ஆய்வின் நடுவில் எங்கள் வேலை நகரவே இல்லை. நான் எழுதி முடித்துவிட்டுக் காட்டலாம் என்றிருப்பேன். நான் எதுவும் எழுதவில்லையோ என்று நெறியாளர் கவலைப்படுவார். சண்டை ஏதும் இல்லாததால் இது வெளியே தெரியவும் இல்லை.

ஆய்வு மாணவர்களுக்கான ஒரு பயிற்சியில் எதிர்பார்ப்புத் தாள் ஒன்று கொடுத்தார்கள். நெறியாளர் பயிற்சிகளிலும் பயன்படுத்துவதுதான். ஒவ்வொரு வரியிலும் எதிரெதிரான இரண்டு கூற்றுகள், நடுவே 1 முதல் 5 வரை எண்கள். தலைப்பை முடிவு செய்வது யார்? சந்திப்புக்கு நாள் குறிப்பது யார்? வரைவை எப்போது காட்ட வேண்டும்? இருவரும் தனித்தனியே நிரப்பிவிட்டு ஒப்பிட வேண்டும்.

நெறியாளரிடம் தயங்கித்தான் கேட்டேன். "சரிம்மா, கொடு, பார்ப்போம்" என்றார் மேடம். வரைவு பற்றிய வரியில், எழுதி முடித்த பிறகே காட்ட வேண்டும் என்ற பக்கம் நான் 5, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் அவர் 1. அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் பார்த்தால்தான் வழி சொல்ல முடியும் என்பது அவர் எண்ணம். அதை அவர் வாயால் கேட்டபோது எவ்வளவு நிம்மதி!

அப்புறம் சில ஏற்பாடுகள் செய்துகொண்டோம். வரைவின் தலைப்பில், எதைப் பற்றிக் கருத்து வேண்டும் என்று ஒரு வரி எழுதுவேன்: வாதமா, தரவா, மொழிநடையா. சந்திப்பு முடிந்த அன்றே, என்ன முடிவானது, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்புவேன். இணை நெறியாளருக்கும் அதே மின்னஞ்சல் போவதால் இருவரும் வெவ்வேறு திசையில் திருத்தம் சொல்வது குறைந்தது.

சேர்ந்த முதல் மாதமே இந்தத் தாளை நிரப்பிவிடுங்கள். தரவு சேகரிப்பு முடிந்ததும் இன்னொரு முறை நிரப்புங்கள், அதற்குள் எதிர்பார்ப்புகள் மாறியிருக்கும்.