குளிர்நாட்டுத் தாவரவியல் பூங்காவுக்கு மரம், புதர் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்நாட்டுப் பூங்காக்களில் பட்டுப்போகும் மரங்களில் பல, நடுக்குளிர்காலத்தில் சாவதில்லை. இலையுதிர்காலத்தில் முந்தி வரும் உறைபனியிலோ, துளிர்விட்ட பிறகு பிந்தி வரும் உறைபனியிலோதான் அடிபடுகின்றன. எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று கேட்கிறோம். எப்போது உறங்கும், எப்போது விழிக்கும் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

குளிர்மண்டல எண்ணை மட்டும் நம்பி வாங்குவதும் இதே மறதிதான். அமெரிக்க வேளாண் துறையின் வரைபடத்தில் 13 மண்டலங்கள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியை வைத்து அவற்றைப் பிரித்திருக்கிறார்கள். 4ஆம் மண்டலம் என்றால் அந்தச் சராசரி −34 முதல் −29 டிகிரி செல்சியஸ். கோடை எவ்வளவு சூடு, குளிர் எவ்வளவு திடீரென்று இறங்கும் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. ஐஸ்லாந்தின் ரேக்யவிக்கில் ஜனவரி சராசரி 0 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. ஆனால் ஜூலை சராசரியும் 12 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. கோடைச் சூடு போதாத மரத்தில் அந்த ஆண்டின் புதுக்கிளை முற்றாது. முற்றாத கிளை மிதமான குளிருக்கே கருகிவிடும்.

அதைவிட விலை கொடுக்க வைக்கும் தவறு, இனத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு விதை எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் விடுவது. செம்மேப்பிள் ஃப்ளோரிடாவிலும் இயற்கையாக வளர்கிறது, கிழக்குக் கனடாவிலும் வளர்கிறது. பெயர்ப்பலகையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். தெற்கத்தி விதையில் முளைத்த கன்றை வடக்கே நட்டால், நாள் குறுகுவதை அது உரிய நேரத்தில் உணராது. செப்டம்பரிலும் வளர்ந்துகொண்டிருக்கும், நுனி பனியில் சாகும். எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. சைபீரிய லார்ச் மரம் கடுங்குளிருக்கு அஞ்சாது. ஆனால் கடலோரப் பகுதியின் நிலையில்லாத குளிர்காலத்தில், நான்கு நாள் இளஞ்சூடு கிடைத்ததுமே விழித்துக்கொள்ளும். அடுத்த உறைபனியில் துளிர் கருகும். ஆகவே விதை சேகரித்த இடம், அட்சரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம் மூன்றையும் நாற்றங்காலிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாவரவியல் பூங்காவில் இந்தப் பதிவு இல்லாத மரம் வெறும் நிழல்மரம்தான்.

மரம் பிழைத்தால் பூக்கும் என்று எண்ணுவது அடுத்தது. பெரும்பாலும் கிளையைவிடப் பூமொட்டுதான் முதலில் சாகும். கடுங்குளிருக்குப் பிறகு சாதாரண ஃபோர்சித்தியா புதரைப் பாருங்கள்: பனிக்குள் புதைந்திருந்த அடிக்கிளைகளில் மட்டும் மஞ்சள் பூ, அதற்கு மேலே ஒன்றுமில்லை. பனி எவ்வளவு உயரம் கிடந்தது என்று கோடு போட்டதுபோலத் தெரியும். ஃபோர்சித்தியாவில் 'மெடோலார்க்' போன்ற, மொட்டும் குளிர் தாங்கும் வகையைக் கேளுங்கள். ஹைட்ரேஞ்சியாவில், முந்தைய ஆண்டுக் கிளையில் மொட்டு வைக்கும் பெரிய இலை வகையை விடுத்து, புதுக்கிளையில் பூக்கும் பானிகுலாட்டா, ஆர்போரெசென்ஸ் இனங்களை எடுத்துக்கொள்ளலாம்.

வேரை எல்லோரும் மறக்கிறார்கள். கிளை −30 டிகிரியைத் தாங்கும் இனத்திலும் இளவேர் −5 முதல் −10 டிகிரிக்குள்ளேயே சாகலாம். மண்ணும் பனிப்போர்வையும்தான் அதைக் காக்கின்றன. காற்று பனியை அடித்துச் செல்லும் மேட்டுக்கும், தரைக்கு மேல் வைக்கும் தொட்டிக்கும், உங்கள் மண்டலத்தைவிட இரண்டு மண்டலம் கூடுதலாகக் குளிர் தாங்கும் இனம் வேண்டும். ஒட்டுக்கன்று என்றால் வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்கு வேராக நிற்கும் அடிச்செடி, எந்த இனம் என்றும் கேளுங்கள்.

இடத்தைப் பார்க்காமல் இனத்தைத் தேர்ந்தால் நல்ல தேர்வும் வீணாகும். குளிர்ந்த காற்று தண்ணீர்போலப் பள்ளத்தில் தேங்கும். முந்தித் துளிர்ப்பவற்றை அங்கே வைக்காதீர்கள். ரோடோடென்ட்ரான் போன்ற பசுமைமாறா அகல இலைப் புதர்கள், மண் உறைந்திருக்கும்போது பிப்ரவரி, மார்ச் வெயிலில் நீரிழந்து காயும். காற்றுமறைப்பும் வடக்குச் சரிவும் அவற்றுக்கு நல்லது.

தாங்குகிறதே என்று ஒரே பேரினத்தைக் குவிப்பதும் ஆபத்து. சாம்பல்மரத்தை (ash) தாக்கும் மரகதச் சாம்பல்மர வண்டு 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான சாம்பல்மரங்கள் அழிந்தன. நகர மரங்களுக்காக 1990இல் முன்வைத்த அளவு பூங்காவுக்கும் கைகொடுக்கும்: ஒரே இனம் 10 விழுக்காட்டுக்கும், ஒரே பேரினம் 20க்கும், ஒரே குடும்பம் 30க்கும் மிகக் கூடாது.

புது இனத்தில் ஒற்றைப் பெரிய மரம் வாங்காமல், விதைக்கன்று மூன்று முதல் ஐந்து வரை வாங்கி வெவ்வேறு இடங்களில் நடுங்கள். வசந்தத்தில் துளிர்க்கவில்லை என்று உடனே பிடுங்கிவிடவும் வேண்டாம். நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. மொட்டை நெடுக்காக அறுத்தால் நடு கருத்திருக்கிறதா என்றும் தெரியும். மேல் முழுதும் பட்டுக் காய்ந்திருந்தாலும், ஜூலை வரை அடியிலிருந்து தளிர் வரக்கூடும். அது வேர்ச்செடியின் தளிரா, நட்ட இனத்தின் தளிரா என்று பார்த்த பிறகே மண்வெட்டியை எடுங்கள்.