உணவுக்குழாய் ஸ்டென்ட்: 6 செ.மீ. கட்டிக்கு 6 செ.மீ. போதாது

கஞ்சிகூட இறங்காத உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிக்கு நிட்டினால் ஸ்டென்ட், அதாவது அடைப்பைத் திறந்து வைக்கும் நிக்கல்-டைட்டானியக் கம்பிவலைக் குழாய், பெரிய ஆறுதல். ஆனால் அதை வைக்கக் கற்பவர்கள், முன்னால் வந்தவர்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஸ்டென்டுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பியான கைடு வயரை நழுவவிடுவது போன்றவை ஒருமுறை பட்டாலே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

கட்டியின் நீளத்துக்கே ஸ்டென்ட் எடுப்பது

இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். முன்பற்களிலிருந்து அளந்தால் கட்டியின் மேல் விளிம்பு 28 செ.மீ., கீழ் விளிம்பு 34. கட்டி 6 செ.மீ.தானே என்று 6 அல்லது 8 செ.மீ. ஸ்டென்டைப் பிரித்துவிடுவார்கள். மேலும் கீழும் நல்ல சுவரில் தலா 2 செ.மீ. உட்கார வேண்டாமா? 26 முதல் 36 வரை, 10 செ.மீ. வேண்டும்.

அந்த 10 என்பதும் முழுதாக விரிந்த பிறகு உள்ள நீளம். பின்னல் வகை ஸ்டென்டுகள் பல, விரியும்போது 30–40% குறுகும். ஸ்டென்டை உள்ளே கொண்டுபோகும் டெலிவரி குழாய்க்குள் அது 14 செ.மீ.க்கு மேல் நீண்டு கிடக்கும். சி-ஆர்ம் எக்ஸ்-ரே திரையில் மேல் முனை 26-இல் தெரிகிறதே என்று ஸ்டென்டை மூடியிருக்கும் வெளி உறையை இழுத்தால், விரிந்து முடிந்ததும் அந்த முனை கட்டிக்குள்ளேயே வந்து நிற்கும். முழுதாக விரிய ஓரிரு நாள் ஆகும், குறுகுவதும் அதுவரை தொடரும். குழாயிலுள்ள குறிகளில் எது விரிந்தபின் வரும் முனையைக் காட்டுகிறது என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பெட்டியிலுள்ள தாளைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்த ஓட்டை, கட்டியின் விளிம்பை எக்ஸ்-ரேயில் காட்ட மார்பில் ஒட்டும் ஜெம் கிளிப். ஒட்டிய பிறகு நோயாளி லேசாகப் புரண்டாலே குறி பொய்யாகிவிடும். புரண்டால் மறுபடி எண்டோஸ்கோப் விட்டு மறுபடி ஒட்ட வேண்டும். ஸ்கோப் வழியாகக் கட்டி விளிம்பிலேயே எண்டோஸ்கோப்பி கிளிப் போடுவது இன்னும் நம்பகமானது.

கீழ்முனை முதலில் விரியும் வகை, வயிற்றுப் பக்கம் குதிக்கப் பார்க்கும். குழாயை லேசாக மேல்நோக்கி இழுத்துப் பிடித்தபடியே விரியுங்கள். பாதி விரிந்ததை மேலே இழுக்கலாம், கீழே தள்ள முடியாது. அதனால் சற்றுக் கீழே தொடங்குவதே நல்லது.

நீளம் போதாவிட்டால் கட்டி ஸ்டென்டின் வாய்மேல் வளர்ந்து மூடும். உள்ளே இன்னொன்று வைக்க வேண்டும், குடும்பம் மறுபடி பல்லாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். எல்லாம் ஒரு 4 செ.மீ. கணக்குக்காக!

முதலிலேயே பலூன்

டெலிவரி குழாய் நுழையாவிட்டால் மட்டும் பலூனால் விரியுங்கள், 9–10 மி.மீ. வரை. அதற்கு மேல் போனால் சுவர் கிழியும், ஸ்டென்டுக்குப் பிடிமானமும் போகும்.

விரிந்ததும் உள்ளே ஸ்கோப் விட்டுப் பார்ப்பது

வேண்டாம். மேல் முனையைப் பார்த்தால் போதும்.

மூச்சுக்குழாயை மறப்பது

மேல், நடுப்பகுதிக் கட்டி மூச்சுக்குழாயை அழுத்திக்கொண்டிருந்தால், ஸ்டென்ட் விரிய விரிய மூச்சு திணறும். சி.டி. பார்க்காமல் தொடாதீர்கள். மூச்சுக்குழாய்க்கும் ஸ்டென்ட் தேவையென்றால் அதுவே முதலில்.

புற்றல்லாத சுருக்கத்தில் தேதி எழுதாதது

வலை முழுவதும் சவ்வால் மூடிய முழு உறை வகையை மட்டும் வையுங்கள். 6–8 வாரத்தில் எடுக்க வேண்டும், 12-ஐத் தாண்டக்கூடாது. எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டின் தலையிலேயே எழுதுங்கள்.

ஸ்டென்ட் வயிற்று வாயைத் தாண்டினால்

அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல், உயர்த்திய தலைமாடு. இரண்டும் விடாமல்.

“இனி எல்லாம் சாப்பிடலாம்”

சொல்லாதீர்கள். ஸ்டென்ட் வைத்த இடம் உணவைத் தள்ளாது, அது வெறும் குழாய். பரோட்டா, மட்டன் துண்டு, வாழைத்தண்டு நார், ஆரஞ்சுச் சுளை அடைக்கும். குழைந்த சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி போகும். நிமிர்ந்து உட்கார்ந்து மென்று, இடையிடையே தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். அடைத்துவிட்டால், மீன் முள்ளுக்குச் செய்வதுபோல் சோற்று உருண்டையை விழுங்கித் தள்ளப் பார்ப்பார்கள். அது கூடாது, உடனே வர வேண்டும் என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.