மாற்றுத்திறன் கொண்ட குழந்தையைக் குழுவில் சேர்க்கும்போது

பெயர் பதியும்போது குறைபாட்டின் பெயரை மட்டும் எழுதி வாங்குவதில் பெரிய பயனில்லை. கழிப்பறைக்குத் துணை வேண்டுமா, எந்தச் சத்தம் அல்லது தொடுகை ஒத்துவராது, 'வேண்டாம்' என்பதை எப்படித் தெரிவிப்பார் என்று பெற்றோரிடம் கேளுங்கள், குழந்தையிடமும் கேளுங்கள். வலிப்பு வரக்கூடியவர் என்றால் பொறுப்பாளர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: அழுத்திப் பிடிக்கக் கூடாது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு 1:12 கணக்கு, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும். குட்டைப் பலகையைச் சாய்த்து வைத்தால் சக்கர நாற்காலி பின்பக்கமாகக் கவிழும்.

விளையாட்டில் ஒருவருக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மற்ற பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். அதனால் விதியையே எல்லோருக்கும் மாற்றுங்கள்: அனைவரும் தரையில் உட்கார்ந்து ஆடும் கைப்பந்து, அல்லது அனைவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடும் மணிப்பந்து (உள்ளே மணி வைத்த பந்தைச் சத்தத்தை வைத்தே பிடிப்பது; பந்து உருளும்போது பேசினால் மணி கேட்காது, அதனால் பேச்சு கூடாது). நிரந்தரமாக ஸ்கோர் எழுத உட்கார வைப்பது சேர்த்துக்கொள்வது ஆகாது.

காரியம் அதிகம் கெடுவது உதவியாளரால்தான், அதுவும் நல்லெண்ணத்தால். பெரியவர் ஒருவர் ஒட்டிக்கொண்டே இருந்தால் மற்ற பிள்ளைகள் அவரிடம்தான் பேசுவார்கள். ஓடிவிடும் பழக்கமோ, விழும் அபாயமோ இல்லையென்றால் அவர் மூன்று மீட்டர் தள்ளி நிற்கட்டும். "அவனுக்குத் தண்ணி வேணுமா?" என்று அவரிடம் யாராவது கேட்டால், "அவனையே கேளேன்" என்று திருப்பிவிட வேண்டும். பேசத் தாமதமாகும் குழந்தைக்குப் பத்து நொடியாவது காத்திருங்கள். பாதியில் கேள்வியை மாற்றிக் கேட்டால் அது மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

'நல்ல பிள்ளை' ஒருத்தியைத் தோழியாக நியமிப்பதும் வேண்டாம். சில வாரங்களில் அவள் தாதியாகிவிடுவாள், பிறகு சலித்துப்போவாள். ஒரே ஆர்வமுள்ள இரண்டு மூன்று பேரை ஒரு வேலைக்குச் சேர்த்துவிட்டு, குழுக்களை அவ்வப்போது மாற்றுங்கள். ஆட்டிசம் உள்ளவருக்கு மட்டும் மாற்றத்தைக் குறைவாக வையுங்கள்: நிகழ்ச்சி வரிசையைப் படங்களாக ஒட்டி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 நிமிடம் முன்பே சொல்லுங்கள். ஒதுங்க ஓர் அமைதி மூலை இருக்கட்டும். அதைத் தண்டனை இடமாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

மற்ற பிள்ளைகளிடம் எதைச் சொல்லலாம் என்பதைக் குழந்தையும் பெற்றோரும் முடிவு செய்யட்டும். "பாவம்" என்ற சொல் வாயில் வரவே கூடாது.

மாதம் ஒருமுறை இடைவேளையைக் கவனியுங்கள். குழந்தை பெரியவர்களோடு மட்டும் பேசுகிறது என்றால் உதவியாளரை இன்னும் தள்ளி நிறுத்திப் பாருங்கள். குழுவையும் மாற்றிப் பாருங்கள்.