பழைய மண்ணை வைத்துக் காலநிலை மாடலைச் சோதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் ப்ராஜெக்ட்டுக்கு வரும் கோவை, ஈரோடு மாணவர்களுக்கு நீலகிரிச் சதுப்புகளின் பீட் மண் (முழுசாக மட்காத செடிகள் அடுக்கடுக்காய்ப் படிந்த மண்) மேல் தனி ஆசை. காலநிலை மாடல் என்கிற கணினிக் கணக்கு பழங்காலத்தைச் சரியாகச் சொல்கிறதா என்று அந்த மண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பக்கத்து மலை, ஏறக்குறைய 20,000 ஆண்டுப் பதிவு, யாருக்குத்தான் ஆசை வராது? நாங்கள் விழுந்த குழிகளிலேயே அவர்களும் விழுகிறார்கள் என்பதுதான் சங்கடம். அலகு மாறிப்போவது மாதிரியான சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

ஐசோடோப்பை மழைமானி என்று நம்புவது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு மாணவர் வரைபடம் கொண்டுவந்தார். இடது அச்சில் பீட் மண்ணின் கார்பன் ஐசோடோப்பு (கனமான, லேசான கார்பன் அணுக்களின் விகிதம்), வலது அச்சில் மாடல் சொன்ன மழை. “மாடல் தப்புங்க சார். பனியுகத்துல பூராவும் புல்லுதானுங்க, மழையே இருந்திருக்காது. இது இத்தனை மழை காட்டுதுங்க” என்றார். அதை நம்பி மாடலின் மழைப் பகுதியை மாதக்கணக்கில் நோண்டியிருக்கிறார்.

அந்த மண் சொன்னது செடியைப் பற்றி, மழையைப் பற்றி அல்ல. ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தை வைத்துச் செடிகளை சி3, சி4 என்று பிரிப்பார்கள். சோலை மரங்கள், நெல், தென்னை எல்லாம் சி3 வகை. அவற்றின் ஐசோடோப்பு மதிப்பு, ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டால், ஆயிரத்துக்கு மைனஸ் 27ஐ ஒட்டி இருக்கும். மலைப்புற்கள் பல, நம் காட்டுச் சோளம், கரும்பு எல்லாம் சி4. மைனஸ் 13 பக்கம். வறட்சியில் சி4 ஜெயிக்கும், சரி. ஆனால் பனியுக உச்சத்தில், அதாவது 21,000 ஆண்டுகளுக்கு முன், காற்றில் கரியமில வாயுவே சுமார் 190 பி.பி.எம்.தான் (பத்து லட்சத்தில் 190 பங்கு), தொழிற்புரட்சிக்கு முன் 280. அந்த வாயுவை இலைக்குள் செறிவாக்கிக்கொள்ள சி4 செடிக்குத் தெரியும், சி3க்குத் தெரியாது. வாயு குறைந்தாலே புல்லின் கை ஓங்கிவிடும். இதில் மழையின் பங்கு எவ்வளவு என்று அந்த ஒற்றை எண்ணிலிருந்து பிரிக்க முடியாது.

எதிர்த்திசையில் வாருங்கள். மாடல் தரும் மழை, வெப்பம், கூடவே அந்த 190 பி.பி.எம். மூன்றையும் ஒரு தாவர மாடலுக்குக் கொடுத்து, அதில் வரும் சி3, சி4 விகிதத்திலிருந்து ஐசோடோப்பைக் கணக்கிடுங்கள். அப்புறம் ஐசோடோப்பை ஐசோடோப்போடு ஒப்பிடலாம். அப்போதும் பொருந்தாவிட்டால் மாடலைத் தாராளமாகத் திட்டுங்கள்.

18,000மும் 21,000மும்

பழைய கட்டுரைகளில் பனியுக உச்சம் 18,000 என்றிருந்தால் அது திருத்தப்படாத ரேடியோகார்பன் ஆண்டு (கார்பன்-14 தேய்வை வைத்துக் கணக்கிட்ட வயது, நாட்காட்டிக்கு மாற்றாதது). மாடலை ஓட்டுவது 21,000 நாட்காட்டி ஆண்டுக்கு. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம். நடுவில் 3,000 ஆண்டு ‘தாமதம்’ கண்டுபிடித்து அதற்குக் காரணமும் எழுதிவிடுகிறார்கள்.

மாடலைச் சீர்செய்த தரவையே தேர்வாக வைப்பது

கூடாது.

ஒரு மண்துளை, ஒரு கட்டம்

மாடல் பூமியைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரே மழை அளவுதான் தரும். 100 கிலோமீட்டர் கட்டத்துக்குள் மழை கொட்டும் சின்னக்கல்லாறும் வறண்ட பல்லடமும் ஒன்றாகவே அடங்கிவிடும். ஒரே இடத்து மண்துளையை அதோடு நேராக ஒப்பிடக் கூடாது.

இன்றைக்குப் பொருந்தினால் போதும் என்பது

சி.இ.எஸ்.எம்.2 என்ற அமெரிக்கக் காலநிலை மாடல் இன்றைய காலநிலையை நன்றாகத்தான் காட்டியது. பனியுகத்துக்கு ஓட்டியபோது உலகத்தை 11 டிகிரிக்கு மேல் குளிர்வித்துவிட்டது. சான்றுகளின் கணக்கு சுமார் 6 டிகிரி. கோளாறு மேகங்களைக் கணக்கிடும் விதத்தில் இருந்தது.