ரக்பி நடுவரின் நூலிழைத் தீர்ப்புகளை விவாதிப்பது எப்படி

சர்வதேச ரக்பியில் ஓரிரு புள்ளி வித்தியாசத்தில் முடியும் ஆட்டத்துக்குப் பிறகு, "நடுவர் ஆட்டத்தையே கெடுத்துவிட்டார்" என்ற குரல்தான் முதலில் எழும். அதை யாராலும் மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. எனவே வாதத்தில் இறங்கும் முன், எந்த நேரத்தில், யாருடைய எந்தச் செயலுக்கு, என்ன தீர்ப்பு வழங்கப்பட்டது என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால், உங்களிடம் இருப்பது தோல்வியின் வருத்தம் மட்டுமே. வாதம் இன்னும் உருவாகவில்லை.

அடுத்து, அந்தச் செயலுக்கான விதியை அதன் சொற்களிலேயே படியுங்கள். 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் தென்னாப்பிரிக்கா பிரான்ஸை 29–28 என்று வென்றது. அந்த ஆட்டத்தின் முதல் பாதியில், ஒரு ட்ரைக்குப் பிறகு (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது ட்ரை) பிரான்ஸின் தோமா ராமோஸ் கூடுதல் புள்ளிக்காக உதைத்த கன்வர்ஷன் உதையைத் தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி பாய்ந்து வந்து தடுத்தார். கோல்பி முன்கூட்டியே புறப்பட்டுவிட்டாரா என்று ஆராய்பவர், ராமோஸ் பந்தை நோக்கி ஓடத் தொடங்கிய கணத்திலிருந்து கணக்கிட்டால் வழி தவறிவிடுவார். ஏனெனில், உதைப்பவர் தம் உதைக்கான நகர்வை எந்தத் திசையில் தொடங்கினாலும் எதிரணியினர் தங்கள் ட்ரை கோட்டிலிருந்து புறப்படலாம் என்பதே விதி. ஆகவே பார்க்க வேண்டியது ராமோஸின் உடலில் தெரியும் முதல் அசைவைத்தான். அது உதைக்கான தொடக்கமா, அல்லது நிற்கும் நிலையைச் சரிசெய்துகொண்டதா என்பதில் இரு தரப்பும் நியாயமாக மோதலாம்.

மூன்றாவதாக, களத்தில் நடுவர் முதலில் என்ன சொன்னார் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ரசிகர்கள் மிக அதிகமாகத் தவறவிடுவது இதைத்தான் என்பது என் கருத்து. 2024 பிப்ரவரியில் மர்ரேஃபீல்டில் பிரான்ஸ் ஸ்காட்லாந்தை 20–16 என்று வென்ற ஆட்டத்தின் இறுதிக் கணத்தில், ஸ்காட்லாந்தின் சாம் ஸ்கின்னர் பந்தோடு ட்ரை கோட்டைத் தாண்டி விழுந்தார். பந்து முதலில் ஒரு பிரெஞ்சு வீரரின் காலின் மேல் தங்கியது; பிறகு தரையைத் தொட்டதா என்பதுதான் கேள்வி. களத்தீர்ப்பு "ட்ரை இல்லை" என்று இருந்ததால், அதை மாற்றக் காணொளியில் தெளிவான சான்று தேவைப்பட்டது. பந்து தரையைத் தொட்டது என்று எத்தனை பேர் நம்பினாலும், "தொட்டிருக்க வேண்டும்" என்ற ஊகம் அந்தத் தேவையை நிறைவு செய்யாது. களத்தீர்ப்பு "ட்ரை" என்று இருந்திருந்தால், அதே படங்கள் அந்த ட்ரையை ரத்து செய்யவும் போதுமானவையாக இருந்திருக்க மாட்டா. எனவே இந்தத் தீர்ப்பை விவாதிப்பவர், படத்தில் தெரிவது எவ்வளவு உறுதியானது என்பதையும், தொடக்கத் தீர்ப்பு சரியான திசையில் இருந்ததா என்பதையும் தனித்தனியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதோடு சேர்ந்ததுதான், முடிவு தவறா, அந்த முடிவுக்கு வந்த வழி தவறா என்ற பிரிவு. 2015 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஸ்காட்லாந்து 34–32 என்று முன்னிலையில் இருந்தபோது, அதன் வீரர் ஜான் வெல்ஷ் ஆஃப்சைடில் (பந்துக்கு முன்னால், ஆடக்கூடாத நிலையில்) இருந்து பந்தைப் பிடித்தார் என்று நடுவர் கிரெய்க் ஜூபேர் ஆஸ்திரேலியாவுக்குப் பெனால்டி (நேரே கோலுக்கு உதைத்துப் புள்ளி எடுக்கும் வாய்ப்பு) கொடுத்தார். இடையில் ஆஸ்திரேலியாவின் நிக் ஃபிப்ஸ் பந்தை ஆடியிருந்ததால், ஸ்க்ரம் (இரு அணியினரும் பிணைந்து தள்ளிப் பந்துக்குப் போட்டியிடும் மறுதொடக்கம்) கொடுத்திருக்க வேண்டும் என்று உலக ரக்பி அமைப்பு பின்னர் அறிவித்தது. ஆனால் அத்தகைய தீர்ப்பைக் காணொளி நடுவரிடம் கேட்க அன்றைய நடைமுறை இடம் தரவில்லை. ஆக, முடிவு தவறு; ஆனால் "ஏன் திரையைப் பார்க்கவில்லை" என்ற குற்றச்சாட்டு நிற்காது.

நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் மோதிய 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் நடந்தது இதற்கு நேர்மாறானது. நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் வைத்த ட்ரை, அதற்கு முந்தைய லைன்-அவுட்டில் (வெளியே போன பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கும்போது) அதே அணியின் ஆர்டி சவேயா பந்தை முன்னால் தவறவிட்டார் என்பதற்காக ரத்தானது. பந்து முன்னால் போனது உண்மை. ஆனால் ட்ரைக்கு இட்டுச்சென்ற ஆட்டத்தில் இத்தகைய பிழைகளைத் தேடி இரண்டு கட்டங்களுக்கு (ஒரு பிடிப்பு முதல் அடுத்த பிடிப்பு வரையிலான ஆட்டம் ஒரு கட்டம்) மேல் பின்னோக்கிப் போகக் கூடாது என்பதே அப்போதைய நடைமுறை. அந்தப் பிழையோ அதற்கும் முன்பே நிகழ்ந்திருந்தது. இங்கே உண்மை சரி, வழி தவறு. இந்த இரண்டு ஆட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், "சரியான முடிவு வந்தால் போதும்" என்ற கொள்கையை ஏற்கிறாரா என்பதை முதலில் தமக்கே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தம் அணிக்கு ஏற்றபடி ஆட்டத்துக்கு ஆட்டம் அதை மாற்றிக்கொள்வது நேர்மையன்று.

படங்களைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும். பந்து தரையைத் தொட்டதா, கால் கோட்டில் பட்டதா என்பவற்றுக்கு மெதுவான காட்சி உதவும். ஒரு மோதலின் வேகத்தையோ, வேண்டுமென்றே பந்தைத் தட்டினாரா என்பதையோ உண்மையான வேகத்தில்தான் எடைபோட வேண்டும். மெதுவாக்கினால் எல்லாமே திட்டமிட்ட செயலாகத் தோன்றும். முன்னால் எறிந்த பாஸ் (ரக்பியில் இது பிழை) பற்றிய விவாதத்தில் புல்தரைக் கோடுகளை வைத்து அளப்பது பெரும் பிழை. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் பந்தைத் தமக்குப் பின்னால் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் எறிந்தாலும், தரையை வைத்துப் பார்த்தால் பந்து நொடிக்கு 5 மீட்டர் முன்னேறும். ஆகவே கைகளிலிருந்து பந்து எந்தத் திசையில் வெளியேறியது என்பதைப் பாருங்கள்.

தலையில் மோதிய குற்றங்களுக்கு நடுவர்கள் வரிசையாகக் கேள்விகள் கேட்கிறார்கள்: தலையில் பட்டதா, அது குற்றமா, ஆபத்தின் அளவு என்ன, தணிக்கும் காரணம் உண்டா. அதே இறுதிப் போட்டியில் நியூசிலாந்துத் தலைவர் சாம் கேனின் மஞ்சள் அட்டை சிவப்பாக மாறியது, தென்னாப்பிரிக்கத் தலைவர் சியா கொலிசியின் அட்டை மஞ்சளாகவே நின்றது. "இருவருக்கும் ஒரே நீதி வேண்டும்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்தக் கேள்வியில் இரண்டு நிகழ்வுகளும் பிரிந்தன என்று காட்டுங்கள்.

நடுவரின் நோக்கத்தை வாதத்துக்குள் கொண்டுவராதீர்கள். அந்த இறுதிப் போட்டியின் காணொளி நடுவர் டாம் ஃபோலி, தமக்கு வந்த வசைகளுக்குப் பிறகு சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகினார்.

கடைசியாக, இழந்ததைக் கணக்கிடும்போது மிகையாக எண்ணாதீர்கள். ஸ்மித்தின் ட்ரை ரத்தான சில நிமிடங்களிலேயே அதே அணியின் பியூடன் பேரட் ஒரு ட்ரை வைத்தார். முதலாவது நின்றிருந்தால் இரண்டாவதும் அப்படியே நிகழ்ந்திருக்கும் என்று கூட்டி, தென்னாப்பிரிக்கா 12–11 என்று வென்ற முடிவைத் திருத்த முடியாது. 2015 ஆட்டத்திலும் சரியான தீர்ப்பின்படி ஸ்க்ரம் ஆஸ்திரேலியாவுக்கே கிடைத்திருக்கும், அதுவும் உதைத்துப் புள்ளி எடுக்கக்கூடிய தொலைவில். எனவே ஸ்காட்லாந்து வென்றிருக்கும் என்று எழுதாதீர்கள். இரண்டு புள்ளி முன்னிலையோடு கடைசி ஸ்க்ரமைத் தடுத்து நிற்கும் வாய்ப்பு அதனிடமிருந்து பறிக்கப்பட்டது என்று எழுதுங்கள். அதுவே போதுமான அளவு பெரிய அநீதி.