மூங்கின் ‘அலறல்’ ஓவியத்தை எண்ணூர் கழிமுகத்தில் மறுஆக்கம் செய்யும் முறை

நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1893-இல் வரைந்த ‘அலறல்’ ஓவியத்தைக் கணினியில் மறுஆக்கம் செய்ய விரும்புவோர் பெரும்பாலும் அதில் வாய்திறந்து நிற்கும் உருவத்தின் முகத்திலிருந்தே தொடங்குகிறார்கள். நண்பர்கள் இருவருடன் நடந்துகொண்டிருந்தபோது வானம் குருதிச் சிவப்பாக மாறியதையும், அவர்கள் முன்னே சென்றுவிட, தாம் மட்டும் நின்று இயற்கையை ஊடுருவிச் சென்ற ஓர் அலறலை உணர்ந்ததையும் மூங்க் எழுதி வைத்திருக்கிறார். அந்த உருவம் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு நிற்பது அதனால்தான். அலறல் அந்த உருவத்திலிருந்து அல்ல, இயற்கையிலிருந்தே எழுகிறது. ஆகவே நிலத்திலிருந்து தொடங்குங்கள். முகம் கடைசியில் வரட்டும்.

வடசென்னையில் இதற்கு எண்ணூர் கழிமுகத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் அப்பகுதியில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் மீனவர்களின் படகுகளும் அருகருகே தெரிகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு வலைகளிலும் படகுகளிலும் அப்பிக்கொண்டதை அவ்வூர் மக்கள் இன்னும் மறக்கவில்லை. கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் மேற்கே உள்ள மணலிப் பக்கம்தான் மறையும். மாலையில் மேற்கு நோக்கி நின்று, கன்டெய்னர் லாரிகள் செல்லும் சாலையிலிருந்து விலகி, பாலத்தின் கைப்பிடி படத்தின் வலது கீழ் மூலையிலிருந்து இடப்பக்க நடுப்பகுதிக்குச் சாய்வாக ஓடும்படி சில படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணமில்லாமல் கிடைக்கும் கிருட்டா (Krita) என்ற ஓவிய மென்பொருளே இவ்வேலைக்குப் போதும். மூல ஓவியம் 91 செ.மீ. உயரமும் 73.5 செ.மீ. அகலமும் கொண்டது, ஒரு சென்டிமீட்டருக்கு 50 பிக்சல் என்று கொண்டு, 4550 பிக்சல் உயரமும் 3675 பிக்சல் அகலமும் உள்ள பரப்பைத் திறந்துகொள்ளுங்கள். மூங்க் அட்டையின்மேல் வரைந்தார். பல இடங்களில் அந்த அட்டை வண்ணம் படாமல் அப்படியே தெரிகிறது. எனவே அடி லேயரை (அடுக்கை) வெளிர் பழுப்பு நிறத்தால் நிரப்புங்கள், பின்னால் அதை முழுவதுமாக மூடிவிடாதீர்கள். புகைப்படத்தை மங்கலாக்கி மேலே வைத்து, கோடுகளை எடுத்தபின் நீக்கிவிடுங்கள்.

இந்த ஓவியத்தின் உயிர் கோடுகளில் இருக்கிறது என்பதால் இங்கே அவசரம் கூடாது. வானமும் நீரும் கரையும் அலையலையாக வளைகின்றன. முன்னால் நிற்கும் உருவமும் அதே வளைவில் நெளிகிறது. வளையாமல் நேர்கோட்டில் இருப்பவை கைப்பிடியும் தொலைவில் செல்லும் இரு மனிதர்களும்தான். அந்த இருவரையும் அலறல் தொடவில்லை என்பதை மூங்க் கோட்டின் வழியாகவே சொல்லிவிடுகிறார். எண்ணூரில் புகைபோக்கிகளையும் நேர்கோட்டின் பக்கம் சேர்த்து, அவற்றிலிருந்து எழும் புகையை மட்டும் வானத்து வளைவுகளோடு கலக்க விடுங்கள். படம் முழுவதையும் ஒரேயடியாகச் சுழற்றும் ஃபில்டர்கள் இந்த வேறுபாட்டை அழித்துவிடும். அவற்றைத் தொடவே வேண்டாம். தோள்பட்டையின் வளைவு எங்கே ஆற்றின் வளைவைத் தொடர்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு வளைவையும் கையால் இழுங்கள்.

நிறங்களை உங்கள் படத்திலிருந்தே எடுங்கள்: சாம்பல் படிந்த கரையின் வெளிறல், கழிமுக நீரின் கரும்பச்சை, மணலிக்கு மேலே தெரியும் செம்மஞ்சள். ஏழெட்டு நிறங்களுக்கு மேல் தேவைப்படாது. கிரேயான் போன்ற சொரசொரப்பான பிரஷ்ஷைப் பயன்படுத்தி, இழுவைகளுக்கு இடையே பழுப்பு அட்டை தெரியும்படி இடைவெளி விடுங்கள்.

முகத்துக்கு வரும்போது, ஆணா பெண்ணா, முதியவரா இளையவரா என்று சொல்ல முடியாதபடி மூங்க் அதை விட்டிருப்பதைக் கவனியுங்கள். அங்கே வாழும் ஒருவரின் புகைப்பட முகத்தை எடுத்துப் பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன். அது அவர் துயரத்தை நம் படத்துக்குத் துணிக்கடைப் பொம்மையாக்கிவிடும். கண், மூக்கு, வாய் ஆகியவற்றைச் சில கோடுகளிலேயே முடித்து, கைகளைக் காதோடு நன்றாக அழுத்தி வரையுங்கள்.

மூங்க் 1944-இல் மறைந்தார். ஓவியரின் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள் என்ற இந்தியப் பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டதால் அனுமதி பெற வேண்டியதில்லை. ஆயினும் படத்தை வெளியிடும்போது அவர் பெயரையும் மூல ஓவியத்தின் ஆண்டையும் குறிப்பிடுங்கள். அச்சிடுவதாக இருந்தால் பளபளப்பில்லாத தாளைக் கேட்டு வாங்குங்கள். பளபளப்பான தாளில் அந்த அட்டையின் சொரசொரப்பு எடுபடாது.